டாக்டரிடம் சொல்லாத கிழங்கு

என் வலது காலில் நாலு விரல்தான். சுண்டுவிரல் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு தழும்பு கிடக்கிறது. பார்க்கிறவர்கள் "பாம்பு கடிச்சுதா டீச்சர்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது, மேற்கொண்டு கேள்வி வராது. நானும் பலபேரிடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். பொய் சொல்வதில் நான் கைதேர்ந்தவள். அந்த விரல் போனதே ஒரு பொய்யினால்தான்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்து கிடந்தது. எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று யாராவது கேட்டால் வாயில் வந்ததைச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். திருவட்டாற்றுக்கு அப்பால் மேட்டுநிலத்தில் பிறந்து வளர்ந்த நான், கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளியில் வேலை பார்த்தேன். என்னோடு அக்கா இருந்தாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள், புருஷனை இழந்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். அப்பா போன பிறகு மரச்சீனிக் கிழங்கு நட்டு, பிடுங்கி, சீவிக் காயப்போட்டு விற்று, என்னை டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தது அவள்தான்.

எங்கள் ஊரில் கிழங்கு என்று சொன்னால் அது மரச்சீனிக் கிழங்குதான், மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்கள். காலையில் அவித்த கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும், அந்திக்குக் கிழங்கும் மீன்கறியும். யுத்த காலத்தில் அரிசி கண்ணில் படாமல் போனபோது ஊரே அதைத் தின்றுதான் உயிர் பிழைத்தது. வயல்காரர்களும்தான் தின்றார்கள். நெல் திரும்பி வந்ததும் மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கிழங்கு என்றாலே இளக்காரம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு டீச்சர், "மேக்க உள்ளவங்களுக்கு மூணு நேரமும் கிழங்குதானே, சோத்தக் கண்டா கையெடுத்துக் கும்பிடுவாவ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் மேற்கேயிருந்து வந்தவள் என்று அவர்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. அதன் பிறகு தெரியவும் விடவில்லை.

அன்று முதல் என் தூக்குவாளியில் சோறு மட்டும்தான் போகும். வீட்டில் மட்டும் கிழங்கு நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேராலும் இருக்க முடியாது. சந்தையிலிருந்து வாங்கி வரும்போது சாக்கின் மேல் முருங்கைக்கீரையைப் போட்டு மூடிக் கொண்டுவர அக்காவிடம் சொன்னேன். சீவிய தோலை வெளியே கொட்டாமல் வாழைமூட்டில் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னேன். "ஏட்டி, இது என்ன பொணமா, பொதைக்கதுக்கு?" என்று கேட்டுச் சிரிப்பாள் அக்கா. கேட்டுவிட்டுப் புதைக்கவும் செய்வாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த சமயத்தில் எனக்குத் தாகம் பிடித்துக்கொண்டது. ஒரு குடம் வெள்ளம் குடித்தாலும் நாக்கு ஒட்டியது. பாடம் நடத்தும்போதே மூன்று நான்கு தடவை வெளியே ஓடினேன். புதுச் செருப்பு கடித்து சுண்டுவிரலில் வந்த கொப்புளம் உடைந்து, மூன்று வாரமாகியும் ஆறாமல் நசநசத்துக்கொண்டிருந்தது. அக்கா என்னை இழுக்காத குறையாக பஸ்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, விளக்குத் தீயில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல்லைக் கரைத்த மாதிரி சிவந்து கலங்கி நின்றுவிட்டது. என் உடம்பிலிருந்தா இது வந்தது?

"சர்க்கரை வியாதி, டீச்சர்" என்றார் அவர். "வீட்டுல என்ன சாப்பாடு? சோறா, கிழங்கா?"

எனக்குப் பின்னால் பெஞ்சில் ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டும் தங்க வளையலுமாக இரண்டு வயல்வீட்டு அம்மாக்கள் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். "சோறுதான் சார். கிழங்கெல்லாம் எங்க வீட்டுல பழக்கம் இல்ல" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. அவர் "நல்லதாப் போச்சு" என்று சீட்டில் எழுதிக்கொண்டார். கிழங்கைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. இல்லாததைப் பற்றி எதற்குப் பேசுவார்?

"சோத்த ஒரேயடியா நிறுத்த வேண்டாம், தளந்துபோவீங்க. பையப் பையக் கொறைக்கலாம். மத்தியானம் எத்தன அகப்பை?"

"மூணு."

"ரெண்டு வாரத்துக்கு ரெண்டரை. பெறகு ரெண்டு. அப்படியே ஒண்ணுக்கு எறங்கணும். சீனி, கருப்பட்டி ரெண்டும் வேண்டாம். கொறைச்ச எடத்துல கீரை, காய், மீன், மோரு சேத்துக்கிடுங்க." காலைத் தூக்கிப் பார்த்தார். "சர்க்கரை எறங்காம இந்தப் புண்ணு ஆறாது. ஆறலண்ணா விரல எடுக்கணும். அதோட நிக்கலண்ணா காலு."

கால் என்று அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நாள் முழுக்க கரும்பலகை முன்னால் நின்று சம்பாதிக்கிறவள் நான். கால் போனால் வேலை போகும், வேலை போனால் ரெண்டு பேரும் எங்கே போவோம்?

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கிழங்கு தின்னலாமாண்ணு கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன். தின்னலாம்னாரு."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான். உள்ளே சொன்ன பொய்க்கு வெளியே இன்னொன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். கிழங்கில் இனிப்பு எங்கே இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். படித்தவள் இல்லையா.

அன்றிலிருந்து அக்கா சோற்றை அளக்க ஆரம்பித்தாள். சிரட்டை அகப்பையில் அள்ளி, மேலே குவிந்து நிற்பதைப் பெருவிரலால் வழித்துத் தட்டிவிட்டுத்தான் என் தட்டில் போடுவாள். இரண்டரை, இரண்டு, ஒன்றரை. ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் நாலு நாள் எனக்குக் கண்ணைக் கட்டும், தலை கிறுகிறுக்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். ஐந்தாம் நாள் பழகிவிடும். காலையில் நாலு துண்டு கிழங்கு எப்போதும்போல உண்டு. சாயங்காலம் வந்ததும் அக்கா மறுபடி அவித்த கிழங்கை எடுத்து வைப்பாள். முதலில் நாலு துண்டு. பிறகு, "சோறு கொறஞ்சா பெலத்துக்கு எங்க போவே மக்கா" என்று ஐந்து, அப்புறம் ஆறு. கருப்பட்டி போடாத காப்பியை மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே பெருமை. "ஒரு அகப்பைச் சோத்துலயா டீச்சர் நிக்கிய? நம்மால முடியுமா" என்று வியந்தார்கள். கிழங்கைக் கேலி பண்ணின அந்த டீச்சரே, தன் மாமியாருக்கும் சர்க்கரை என்றும் அவள் நாக்கை அடக்க மாட்டேன் என்கிறாள் என்றும் என்னிடம் யோசனை கேட்டாள். நான் அவளுக்கு வாய் கிழிய உபதேசம் பண்ணினேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே குழாய், அதே விளக்கு. செங்கல் சிவப்பு. ஒரு சாயல்கூட மாறவில்லை. டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோறு எவ்வளவு?" "ஒரு அகப்பை சார்." "வேற ஒண்ணும் இல்லியே?" "ஒண்ணும் இல்ல." அவர் நம்பினார். நான் சொன்னதில் சோற்றைப் பொறுத்தவரை ஒரு பருக்கை பொய் இல்லை என்பதால் எனக்கும் குறுகுறுப்பு வரவில்லை. சிவப்பு ஏன் இறங்கவில்லை என்று எனக்கே அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் ஒரு காலையில் புண்ணுக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்த்தேன். விரல் கறுத்துப் போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன், வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பேன். வலிக்காததால் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் வந்து பார்த்துவிட்டு வண்டி பிடிக்க ஓடினாள். அன்று மத்தியானமே விரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை டாக்டர் என் கட்டிலருகே வந்து, பக்கத்து விரலையும் பார்க்க வேண்டியிருக்கிறது, சர்க்கரை இறங்கவே இல்லை என்றார். அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் வாயே திறக்காத அக்கா வெடித்துவிட்டாள்.

"நீங்க சொன்னதுக்கு மேல ஒரு பருக்க நான் போட்டதில்ல. ஒத்த அகப்பைச் சோறும் நீங்க சொன்ன கிழங்கும். பெறகு எப்படி எறங்காம இருக்கும்?"

"எந்தக் கிழங்கு?"

"மரச்சீனி. காலம்பற நாலு துண்டு, அந்திக்கு ஆறு. தின்னலாம்ணு நீங்கதான சொன்னிய?"

டாக்டர் என்னைப் பார்த்தார். வார்டில் எட்டு கட்டில், எட்டு கட்டிலிலும் காது. நான் போர்வையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்கா பக்கம் திரும்பி, "ஆமாம்மா. நான்தான் சரியாச் சொல்லாம விட்டுட்டேன். சோத்துல உள்ளதுதான் கிழங்குலயும் உண்டு, உள்ள போனா ரெண்டும் சர்க்கரைதான்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதமாக சோற்றை ஒரு பக்கம் வழித்துத் தள்ளிவிட்டு, மறுபக்கம் அதையே துண்டு துண்டாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைவிட, முன்பின் உறவில்லாத ஒரு மனுஷன் என் பொய்யைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறார். உண்மையைச் சொல்ல அப்போதாவது நாக்கு எழுந்ததா? இல்லை. சவம், அப்போதும் நான் போர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மூட்டை கட்ட ஆரம்பித்தாள். "தப்பாச் சொல்லி ஒரு வெரல எடுத்தாச்சு. இனி காலையும் எடுப்பான். எழும்பு, ஊருக்குப் போவோம். வைத்தியரு எண்ணெ தருவாரு, ஆறாத புண்ணா?" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். வெளியே போய் வண்டியும் பேசிவிட்டு வந்துவிட்டாள். அந்த வண்டியில் ஏறினால் என் கால் போகும் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டர் வாய்மூடி இருப்பார், நான் வாய்மூடி இருந்தால்.

"அக்கா, அவரு சொல்லல" என்றேன். "நான் கேக்கவே இல்ல. கிழங்கு தின்னுகதே இல்லண்ணு சொல்லியிருந்தேன்."

அக்கா மூட்டையைப் பிடித்தபடி நின்றாள். "எதுக்கு?"

"வெக்கமா இருந்துது."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொள்ளாம், மனசு ஆறியிருக்கும். அவள் மூட்டையை அவிழ்த்து, சாமானை ஒவ்வொன்றாக மறுபடி கட்டிலடியில் வைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனாள். காலையில் எத்தனை துண்டு, எவ்வளவு தடிமன், கூட என்ன என்று எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தாள் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

கிழங்கையும் டாக்டர் ஒரேயடியாக வெட்டவில்லை. தினம் இன்சுலின் ஊசி போட்டார். அந்திக் கிழங்கு ஆறிலிருந்து நாலு, நாலிலிருந்து இரண்டு, பிறகு இல்லை. அந்த இடத்தில் சாளை மீனும் தேங்காய் போட்டு வதக்கிய கீரைத் தோரனும் ஒரு கிண்ணம் மோரும் வந்தன. காலையில் கிழங்குக்குப் பதில் அவித்த சிறுபயறு. ஒவ்வொரு படியிலும் நாலு நாள் தலைசுற்றல், ஐந்தாம் நாள் சரி. குழாயில் செங்கல் நிறம் மஞ்சளாக இறங்கிற்று. ஒரு திங்கட்கிழமை பச்சையாகவே நின்றுவிட்டது. பக்கத்து விரலை அவர்கள் தொடவில்லை, புண்ணில் இளஞ்சிவப்பாகச் சதை வந்தது. அக்கா அத்தனை நாளும் சமைத்தாள், கட்டு மாற்றும்போது காலைப் பிடித்தாள். தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு விடுகிற அன்று நர்ஸ் என் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். "கூட நின்ன வேலக்காரியும் கைநாட்டு வைக்கணும்" என்று மை டப்பாவை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டைக் குனிந்து பார்த்தேன். முதல் நாள் எழுதியது அப்படியே இருந்தது: வீட்டில் உடன் இருப்பவர், சமையல்காரி ஒருத்தி. என்னைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெஞ்சில் அந்த அம்மாக்கள் உட்கார்ந்திருக்க, வெளியே மரத்தடியில் அக்கா வெறுங்காலோடு நிற்க, நான்தான் அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னதையே மறந்துபோயிருக்கிறேன்.

"சிஸ்டர், அது வேலக்காரி இல்ல" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா பெருவிரலை மையில் தோய்த்து, நர்ஸ் காட்டிய இடத்தில் அழுத்தி வைத்துவிட்டாள். விரலைத் தலைமுடியில் துடைத்தாள். மூட்டையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டாள்.

"பஸ்சுக்கு நேரமாச்சு, டீச்சர்" என்றாள்.