உரக்கப் படிக்கப்பட்ட எடைகள்

நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் இப்போது கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். பேச்சினிடையே, அங்கு மாணவர்க்கு எடை பார்க்கும் முறையைப் பற்றிக் கூறினார். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னே செல்வர். செவிலி எடையை அட்டையில் குறித்து, மடித்துக் கையில் கொடுப்பார். மற்றெவர்க்கும் அது தெரியவராது. "நம் பள்ளியில் என்றைக்கும் இப்படித்தானே, ஐயா?" என்று இயல்பாகக் கேட்டார். அக்கேள்வியே இதனை எழுதத் தூண்டியது. அம்முறை என்றைக்கும் இருந்ததன்று. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி போராடிப் பெற்றது. எவரை எதிர்த்துப் பெற்றாள் எனின், முதன்மையாக என்னை எதிர்த்து. தோற்றவன் எழுதாவிடில் இச்செய்தி எழுதப்படாமலே போய்விடும்.

மலையாள நாட்டுத் தலைநகரில், கிழக்கேகோட்டைக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள அப்பள்ளியில் நான் தமிழாசிரியன். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தனர். 'ஐயா' என்றழைக்கப் பழக்க முயன்றேன். 'சாரே' என்பதே நிலைத்தது.

ஆண்டுக்கு இருமுறை நலவாழ்வு நிலையத்திலிருந்து செவிலி ஒருவர் எடைக்கருவியுடன் வருவார். பள்ளியின் பெருங்கூடத்து மேடைமீது கருவி வைக்கப்படும். வகுப்பு முழுவதும் கீழே வரிசையாக நிற்கும். பிள்ளை ஏறியதும் செவிலி முள்ளைப் பார்த்து, தம் அட்டையில் குறித்து, எண்ணை என்னிடம் கூறுவார். நான் அதனை உரக்கச் சொல்வேன். மேசையருகே அமர்ந்திருக்கும் மாணவர் தலைவி பதிவேட்டில் எழுதுவாள். பேருந்துகளின் ஒலிக்கும் மின்விசிறிகளின் இரைச்சலுக்கும் மேலே எழக்கூடிய குரல் எனக்கிருந்தமையால் அப்பணி என்னைச் சேர்ந்தது. எண்ணுப்பெயர்களைச் சிதைக்காமல், புணர்ச்சி பிறழாமல், கடைசி வரிசை வரை கேட்கும்படி சொல்வதில் எனக்குப் பெருமிதம். போதாதற்கு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சொல் சேர்ப்பேன். நடுத்தரமாயின் "நன்று", மெலிந்தவர்க்கு "இன்னும் உண்ண வேண்டும்", பருத்தவர்க்கு "குறைத்தல் நலம்". பிள்ளைகள் சிரிப்பர். அச்சிரிப்பை நான் உற்சாகம் என்றே எண்ணியிருந்தேன். பின்னர் எல்லா எடைகளும் அட்டவணையாக எழுதப்பெற்று வகுப்புச் சுவரில் தொங்கும்.

நான் கூறவந்த மாணவி, நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்தினள். பெரிய உடலும் பெரிய சிரிப்பும் உடையவள். அவள் சிரித்தால் அடுத்த வகுப்பிலிருந்து ஆள் அனுப்புவார்கள். அவ்வாண்டின் முதல் எடைநாளில் அவள் எண்ணை வழக்கம்போல் முழங்கினேன். "குறைத்தல் நலம்" என்றும் சேர்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதேன். அன்று மாலையே அது அவளுக்குப் பெயராகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில், படிக்கட்டில், உணவு வேளையில் அவளை எண்ணால் அழைத்தார்கள். நானும் அதனைச் செவியுற்றதுண்டு. ஏதோ விளையாட்டு என்று கடந்துபோனேன். சிரிப்பு நின்றுபோனதை மட்டும் கவனித்து, பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

இரண்டாம் எடைநாளுக்கு ஒரு வாரம் முன்பு அவள் தாய் ஆசிரியர் அறைக்கு வந்தார். அமரச் சொன்னேன், அமரவில்லை.

"பிள்ள மத்தியானம் ஒண்ணும் தின்னுகதில்ல, சாரே. பாத்திரம் காலியாத்தான் வருது. நானும் சமத்தா தின்னுகான்னு நெனச்சேன். முந்தாநாள் கடையில தல சுத்தி விழுந்துட்டா, பாத்துக்கிடுங்க. டாக்டர் கேட்டதுக்குப் பொறவுதான் சொல்லுகா, எல்லாத்தையும் காக்காய்க்குப் போட்டாளாம்."

வருந்துவதாகச் சொன்னேன்.

"இனி ஸ்கூலுக்கே வரமாட்டேங்கா. கடையில ஒக்காந்து பருப்பு நிறுத்துக் குடுக்கேன், படிப்பு வேண்டாங்கா. அடுத்த வாரம் எடை பாக்கீங்க இல்லியா, அதாக்கும் காரியம்."

"அம்மா, எடை பார்ப்பது அவளுடைய நலத்துக்காக" என்றேன்.

"நலத்துக்குன்னா அவ காதுல சொன்னாப் போராதா? ஊரு கேக்கச் சொல்லணுமா?"

முப்பதாண்டுகள் சொல்லோடு வாழ்ந்தவனுக்கு அக்கேள்வியின் நியாயம் விளங்கிற்று. ஆயினும் தன்மானம் விடவில்லை. "இம்முறை சற்று மெதுவாகச் சொல்கிறேன்" என்றேன். அந்த அம்மையார் புறப்படத் திரும்பினார். "சாருக்கு மெதுவாச் சொல்ல வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

எடைநாளன்று அவள் வந்திருந்தாள். தாய் எப்படி இசைவித்தாரோ, அறியேன். கன்னங்கள் வற்றியிருந்தன, கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அன்று தலைமையாசிரியையும் உடற்பயிற்சி ஆசிரியரும் மேடையில் இருந்தனர். அவள் முறை வந்தது. செருப்பைக் கழற்றினாள். கருவியின் முன்னே வந்து நின்றாள். ஏறவில்லை.

"ஏறு மோளே" என்றார் செவிலி.

"சாரு முதல்ல ஏறட்டும்" என்றாள் அவள்.

"எதற்கு?" என்று கேட்டேன்.

"சாரு ஏறினா நானும் ஏறுகேன். நம்பர நான் உரக்க வாசிக்கேன்."

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இளமை முதல் நான் மிக மெலிந்தவன். கைகளின் மெலிவு தெரியக்கூடாதென்றே எந்த வெயிலிலும் முழுக்கை ஜிப்பா அணிந்து வந்தேன். மேடையில் அக்கருவியைப் பார்த்ததும் ஜிப்பாவின் கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். துணைக்குத் தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினேன். அம்மையார் நல்ல பருமனானவர்.

அதனைக் கண்ட மாணவி பணிவோடு சொன்னாள்: "மேடம் ஏறினாலும் போதும்."

தலைமையாசிரியை சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். "எனிக்கொரு மீட்டிங் உண்டல்லோ" என்றார். உடற்பயிற்சி ஆசிரியரோ அதற்குள் தம் ஊதலின் கயிற்றில் ஏதோ சிக்கலைக் கண்டுபிடித்து அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

கீழே சிரிப்பு எழுந்தது. முதன்முறையாக அது பிள்ளையொன்றை நோக்கியதாக இல்லை.

செருப்பைக் கழற்றி ஏறினேன். அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்தபடியே, ஓரெழுத்தும் சிதையாமல், கடைசி வரிசை வரை கேட்கும்படி என் எடையைச் சொன்னாள். வரிசையில் நின்ற ஒல்லியான சிறுமி ஒருத்தி உடனே, "சாரே, இன்னும் உண்ண வேண்டும்" என்றாள். கூடம் அதிர்ந்தது. என் செவிகள் இரண்டும் எரிந்தன. ஐம்பத்தாறு வயதில் எனக்கு அப்படி இருந்ததென்றால், பதின்மூன்று வயதில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ண அந்த மேடையில்தான் எனக்கு நேரம் கிடைத்தது.

"இனி நான் ஏறுகேன்" என்றாள். "ஆனா யாரும் வாசிக்க வேண்டாம்."

அப்போதுதான் செவிலி வாய்திறந்தார். "எங்களுக்கு உரக்கச் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல சார். கார்டுல நான்தானே எழுதறேன். வாசிக்கறது இந்த ஸ்கூலோட வழக்கம்னு நெனச்சேன்."

"அது உங்கள் துறையின் விதியென்று அல்லவா நாங்கள் எண்ணினோம்?" என்றேன்.

செவிலி இல்லையெனத் தலையசைத்தார். நானும் தலைமையாசிரியையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை ஆண்டுகள் எவரும் இடாத கட்டளைக்கு நான் குரல் கொடுத்து வந்திருக்கிறேன்.

தலைமையாசிரியைக்குக் கூட்டம் எதுவும் இல்லையென்பது அடுத்த சில மணித்துளிகளில் விளங்கிற்று. மேடைத் திரையை இழுத்து மூடச் செய்து, எடைக்கருவியை அதன் பின்னே வைக்கச் சொன்னார். பதிவேட்டை மாணவர் தலைவியிடமிருந்து வாங்கித் தம் கையில் வைத்துக்கொண்டார். பிறகு நேரே எட்டாம் வகுப்புக்குப் போய், நாற்காலிமேல் ஏறி, சுவரிலிருந்த அட்டவணையைத் தாமே கழற்றினார். மற்ற வகுப்புகளின் அட்டவணைகளும் அன்று மாலைக்குள் இறங்கின. என் மாணவி திரைக்குள் சென்று மடித்த அட்டையுடன் வெளியே வந்தாள். வரிசையில் எஞ்சியிருந்தோர் கைதட்டினர். எவரும் தட்டச் சொல்லவில்லை; நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று: மாணவரின் பருமன், மெலிவு, நிறம், உயரம் ஆகியன பற்றி ஆசிரியர் எவரும் நகையாகவோ அறிவுரையாகவோ பிறர் முன்னிலையில் பேசுதல் ஆகாது. தமிழில் அதனை எழுதும் பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். 'அறிவுரையாகவோ' என்ற சொல்லைச் சேர்த்தது நான்தான். அது வேண்டாமென்று உடற்பயிற்சி ஆசிரியர் வாதிட்டபோது விட்டுக்கொடுக்கவில்லை. செவிலி ஒரு நாள் வந்து, அவ்வயதில் உடல்கள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதை வகுப்புதோறும் விளக்கினார். நான் பின் இருக்கையில் அமர்ந்து கேட்டேன்.

அவளுடைய பசி உடனே திரும்பிவிடவில்லை. எண்ணால் அழைப்பதும் ஒரே நாளில் ஓயவில்லை. ஆனால் எவனாவது அழைத்தால், "சாரோட நம்பரும் எனக்குத் தெரியும், சொல்லட்டா?" என்பாளாம், என் எடையைச் சொல்லவைத்தவன் தானென்று என் காதுக்கு வந்துவிடுமோ என்று அஞ்சி அழைத்தவன் அடங்கிவிடுவானாம். பல வாரங்கள் கழிந்தபின் அவள் தாய் மறுபடி வந்தார். இம்முறை சொல்லுமுன்பே அமர்ந்தார்.

"நேத்து ராத்திரி ரெண்டாமதும் சோறு கேட்டு வாங்கித் தின்னா, சாரே. மத்தியானம் கூட்டுக்காரியோட மீனையும் பிடுங்கித் தின்னுருக்கா. அந்தப் பிள்ளைக்க அம்ம எனக்குப் போன் பண்ணிச் சண்ட பிடிக்கா."

"மகிழ்ச்சி" என்றேன். அதைவிட நல்ல தமிழ் அப்போது தோன்றவில்லை.

அவள் மெலியவில்லை என்பதையும் குறித்துவிடுகிறேன். மெலிந்து அழகியாகும் கதைகளை நாம் மிகுதியாகக் கேட்டுவிட்டோம். வற்றிய கன்னங்கள் நிறைந்தன. அதே பெரிய உடலோடு, காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கி, பள்ளி முழுவதும் பார்க்க நாள்தோறும் நின்று வாசித்தாள். படிப்பை இடையில் விடாமல் முடித்தாள்.

என் நினைவில் சில இடங்கள் ஐயத்துக்குரியன. செவிலி பேசியது நான் கருவியிலிருந்து இறங்கிய பின்னா, இறங்குமுன்னா என்பது உறுதியில்லை. அம்மாணவியின் சொற்களைக் கேட்டவாறே எழுத முயன்றேன், பிறழ்ந்திருக்கலாம். அன்று வரிசையில் நின்றவர்கள் படிக்க நேர்ந்தால் திருத்தியுதவ வேண்டுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் என் குரலால் தம் எடையைக் கேட்டவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: நான் உங்களிடம் சொன்ன சொற்களை இங்கே நான் மென்மையாக்கி எழுதியிருப்பேனாயின், உண்மையில் சொன்னது இன்னதென்று எனக்கு எழுதுங்கள். அப்படியே சேர்த்துவிடுகிறேன்.