பதினான்கு பாகத்துக்கு ஒரு புத்தகம்

எனக்குப் பனியில் நடக்கத் தெரியும். கோவேறு கழுதையின் முதுகில் பீரங்கிச் சக்கரத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று தெரியும். ஆயிரம் சிப்பாய்கள் கூடாரம் போட்டுத் தங்கினால், சமையல் கொட்டகையிலிருந்து கக்கூஸ் குழியை எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்பதும் தெரியும். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இதில் ஒன்றுகூட உதவாது. எழுபதுகளில் மூன்று வருடம் அயல்நாட்டு ராணுவப் புத்தகங்களுக்காக நாய் படாத பாடு பட்டதில் மண்டையில் மிஞ்சியவை இவைதான்.

நான் தேடியது என்னவோ ஒரே ஒரு புத்தகம். அதுவும் என் அக்காள் புருஷனின் கால்களுக்காக.

அத்தான் முத்துக்குளிக்கிற குடும்பம். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருடமாகியிருந்ததால் சங்கு குளித்துக்கொண்டிருந்தார். எங்கள் கரையில் குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கைதான் காரணம். நான் படித்து ஆபீஸுக்குப் போனபிறகும் அந்தக் கயிறு என் கையை விட்டுப் போகவில்லை. லீவு போட்டுவிட்டுத் தோணி ஏறுவேன். மேனேஜரிடம் ஒவ்வொரு முறையும் வயிற்றுவலி என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே ஓமத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கயிறு பிடிக்கிறவனுக்கு வேலை ஒன்றுதான். கீழேயிருந்து கயிறு சுண்டியதும் இழுக்க வேண்டும். மூச்சை அடக்கிக் குளிக்கிறவன் மூச்சு தீர்ந்த பிறகுதான் சுண்டுவான். யோசிக்க நேரம் கிடையாது. அதனால் வேகமாக இழுக்கிறவனுக்குத்தான் கரையில் பெயர். நேரத்தை நாங்கள் ஜெபத்தால் அளப்போம். பதினான்கு பாகத்திலிருந்து இரண்டு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் அத்தான் தலை தண்ணீருக்கு மேலே தெரியும். குமாஸ்தாக் கை என்று கேலி பேசியவர்கள் அதன்பிறகு பேசவில்லை. எனக்கு அதில் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி. அந்தப் பதினான்கு பாகத்தில் ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடந்தது. அதிலிருந்து பித்தளையும் இரும்பும் எடுக்க வெளியூர்க் காண்டிராக்டர் ஒருவர் வந்தார். காற்று அடிக்கிற மெஷினைத் தோணியில் ஏற்றி, நீளமான ரப்பர் குழாயை மாட்டினார். குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. அத்தான் ஒரு மணி நேரம் கீழே வேலை பார்ப்பார். பிறகு சுண்டுவார். நான் எப்போதும்போல இழுப்பேன்.

நாலைந்து நாளில் தோள்பட்டை வலிக்கிறது என்றார். தோல் அரித்தது. தண்ணீர் மாறியிருக்கும் என்று நினைத்தோம். பத்தாவது நாள் மேலே வந்து பீடி பற்றவைத்தார். பாதி பீடியில் எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டர் வாதம் என்றார். தெருவில் செய்வினை என்றார்கள். காண்டிராக்டர் மெஷினைக் கழற்றிக்கொண்டு ரயிலேறிவிட்டார். அக்காள் இரண்டு கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

சில மாதம் கழித்து, நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலுக்குக் காகிதங்களில் கையெழுத்து வாங்கப் போனேன். அங்கே ரேடியோ ஆபீசர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கதையைப் பாதியிலேயே நிறுத்தினார். மெஷின் காற்றைச் சுவாசித்து முங்குகிறவர்களுக்கு வருகிற நோய் இது, தன் நாட்டுக் கடற்படை இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டிருக்கிறது, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், நோய் வந்தால் என்ன வைத்தியம் எல்லாம் அதில் அட்டவணையாக இருக்கும் என்றார். புத்தகத்தின் பெயரை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். காகிதம் கையிலேயே இருந்தது, அது தோன்றவில்லை.

அத்தானிடம் சொன்னபோது அவர் முகம் எத்தனையோ நாளைக்குப் பிறகு மலர்ந்தது.

"ஏல மாப்ள, வைத்தியம் இருக்குன்னு போட்டிருந்தா போதும். அவன் காலுக்கு ஆகுறது நம்ம காலுக்கு ஆகாதா?"

அதிலிருந்து என் பிழைப்பு கெட்டது. வருகிற கப்பலில் எல்லாம் கேட்டேன். ராணுவப் புத்தகம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று ஒரு மாலுமி பனியில் நடக்கிற புத்தகத்தைக் கொடுத்தான். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கிடங்கில் அயல்நாட்டுக் கட்டுகள் வந்து இறங்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கரப்பான்பூச்சிகளோடு உட்கார்ந்து தேடியதில் கோவேறு கழுதை கிடைத்தது. கிடங்குக்கார அண்ணாச்சி, "இதுக்கு மேல நீரு தேடுனா ஒரு யானை கெடைக்கும் வே" என்றார். மெட்ராஸ் பழைய புத்தகக் கடை ஒன்றுக்கு எழுதினேன். வி.பி.பி. தபாலில் வந்தது கக்கூஸ் குழி. ஒரு தூதரக நூலகத்துக்கு எழுதியதற்கு, வருத்தத்துடன் இல்லை என்று வழவழத் தாளில் பதில் வந்தது.

நடுவில் துறைமுக வாசலில் என் பையைச் சோதித்த அதிகாரி ஒருவர் பனிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். அயல்நாட்டு ராணுவப் புத்தகமும் குமாஸ்தாவும் ஒரே பையில் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அரை நாள் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"தூத்துக்குடியில எங்க வே பனி பெய்யுது?"

"பெய்யல சார்."

"பொறவு எதுக்கு?"

அத்தான் காலைப் பற்றிச் சொல்லி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுமை குறைந்திருக்கும். உண்மையைச் சொன்னால், மூன்றாம் வருடம் எனக்கு அலுத்துவிட்டது. அக்காள் வீட்டுப் பக்கம் போனாலே அத்தான் கண் என் கைப்பைக்குப் போகும். அதற்குப் பயந்தே வேறு தெரு சுற்றி வீட்டுக்குப் போவேன்.

கடைசியில் அதைக் கொண்டுவந்தவர் காயல்பட்டினத்துக்காரர், கப்பலில் சமையல் பார்க்கிறவர். ஏதோ ஒரு துறைமுகத்து நடைபாதைக் கடையில் நான் எழுதிக்கொடுத்த பெயரைப் பார்த்து வாங்கியிருக்கிறார். அட்டை இல்லை, முதல் பக்கங்களில் எண்ணெய்க் கறை. மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஆபீஸிலேயே படித்தேன்.

வைத்தியம் இருந்தது. கால் விழுந்த சில மணி நேரத்துக்குள் ஆளை இரும்பு அறைக்குள் வைத்துக் காற்றழுத்தம் ஏற்ற வேண்டும். நாங்கள் மூன்று வருடம் தாண்டியிருந்தோம்.

அதோடு மூடியிருக்கலாம். ஆழ அட்டவணையையும் பார்த்தேன். எங்கள் ஆழத்தில் ஒரு மணி நேரம் இருந்தால், ஆள் மெதுவாக ஏறி வர வேண்டும். மேலே வருவதற்குப் பத்தடி முன்னால் நின்று, கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீரிலேயே தொங்க வேண்டும். சட்டென்று வந்தால் உடம்புக்குள் புகுந்த காற்று குமிழியாகி நரம்பை அடைக்கும். நான் மனதுக்குள் ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். கால் மணிக்கு மேல் என்றால் ஒரு ஜெபமாலை முழுக்க. நான் கொடுத்தது இரண்டே இரண்டு அருள் நிறைந்த மரியே.

சாயங்காலம் அக்காள் வீட்டுக்குப் போனேன். அக்காள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"வைத்தியம் போட்டிருக்கா?" என்றார் அத்தான்.

"அன்னைக்கே செஞ்சிருக்கணும் அத்தான். இப்ப முடியாது."

அவர் தொடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "எதனால வந்துச்சாம்?" என்றார்.

"நான் வேகமா இழுத்தேன்லா. அதனால."

அக்காளின் கத்தி நின்றது. அத்தான் திட்டியிருந்தால் தேவலை.

"நான் சுண்டுனேன், நீ இழுத்த. வேற என்ன செய்வ?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தக் காண்டிராக்டர் திரும்ப வந்திருக்கான்ல. திங்கக்கெழம புது ஆளு எறங்குதான். அவன் மச்சினன் ஒன்னவிட வேகமா இழுப்பான். போயிச் சொல்லு."

"இந்தக் கிழிஞ்ச பொஸ்தகத்தக் காட்டுனா நம்புவாவளா அத்தான்?"

அக்காள் நிமிராமலே சொன்னாள்: "பொஸ்தகத்த எதுக்குக் காட்டணும்? நீதான் இழுத்தன்னு சொல்லு. நம்புவாவ."

அன்றைக்கு அவள் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியும் முன்னே தோணித்துறைக்குப் போய், கயிறு பிடிக்கிறவர்கள் நடுவில் நின்று சொன்னேன். வேகத்துக்குப் பெயர் வாங்கிய அதே கையைக் காட்டிச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் புது மச்சினன் மட்டும், "அப்ப நீரும் கூட வாரும்" என்றான்.

போனேன். ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு சுண்டியபோது என் கைதான் முதலில் துடித்தது. அவன் மெதுவாக இழுத்தான். பத்தடிக்குப் போட்டிருந்த முடிச்சு விரலில் தட்டியதும் நிறுத்தினான். தோணியில் இருந்த எல்லாரும் ஜெபமாலை சொன்னோம். இவ்வளவு நீளமான ஜெபமாலையை நான் சொன்னதே இல்லை. நடுவில் இரண்டு முறை கீழேயிருந்து கயிறு சுண்டியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஜெபமாலையின் கடைசி மணி முடிந்து மேலே தூக்கினார்கள். ஏறி வந்தவன் எங்கள் எல்லாரையும் கெட்ட வார்த்தையில் வைதுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு பீடி கேட்டான். கொடுக்க யாருக்கும் கை வரவில்லை, எல்லாரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் முனகிக்கொண்டே எழுந்து, தோணியின் மறுகோடிக்கு நடந்து போய், தன் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டான்.