காக்காய்க்கெல்லாம் விழித்திருந்த கம்ப்யூட்டர்

என் மருமகள் ஜெனிட்டா ஒன்றை முடியாது என்று சொல்லிவிட்டால், கோவளத்துக் கடலே வந்து கேட்டாலும் முடியாதுதான்.

கொல்லையில் கிடக்கும் படகு எஞ்சின் திருடு போகாமலிருக்க வீட்டைச் சுற்றி நாலு கேமரா மாட்டியிருக்கிறோம். போன மாதம் எவனோ டீசல் கேனைத் தூக்கிப் போனான். அன்றைக்குப் பார்த்து, கேமரா படங்களைப் பதியும் கம்ப்யூட்டர் சூடேறி நின்றுவிட்டது. ஒரு படமும் பதியவில்லை.

"பழைய பொட்டிம்மா, தாங்காது. புச்சு வாங்கு," என்றார் கேமரா மாட்டிய கடைக்காரர்.

"தாங்க வைக்கிறேன் பாரு அண்ணாத்த," என்றாள் ஜெனிட்டா.

நாவலூரில் வேலை பார்க்கும் அவள், சாப்பாட்டு வேளையில் அங்கிருந்தே போனில் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். காயும் கருவாட்டைக் கொத்த வரும் காக்காய், குச்சியோடு அதை விரட்டும் நான், எது அசைந்தாலும் திருடனோ என்று அது நாளெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தது. கருவாட்டுப் பக்கம் பார்க்காதே, வாசலையும் எஞ்சினையும் மட்டும் பார் என்று அதற்குக் கட்டம் போட்டுக் கொடுத்தாள். நான் நாடகம் போல் டிவியில் பார்த்துக்கொண்டிருந்த கேமரா படத்தையும் நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி அநியாயம் இது?" என்று போனில் கத்தினேன்.

"யாரும் பாக்கலன்னாலும் அது பதியும் அத்த. சும்மா படம் காட்டியே அதுக்கு மூச்சு வாங்குது."

நூற்றுக்கு நூறு இருந்த கம்ப்யூட்டரின் பாரம் முப்பதுக்கு இறங்கியது.

மறுநாள், கேட்காமலே புதுப் பெட்டியோடு கடைக்காரர் வாசலில் கால் வைத்தார். உடனே வாசல் கேமராவிலிருந்த ஸ்பீக்கரில் ஜெனிட்டாவின் குரல் வந்தது: "பொட்டிய அப்டியே திருப்பி எடுத்துகினு போ அண்ணாத்த. நீ வந்தது நாவலூர் வரைக்கும் தெரிஞ்சிடுச்சி. கருவாட்டுக்கு எங்க அத்த கீறாங்க."