மூன்று மாத்திரையும் ஒரு காப்புக் கட்டும்

வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கும் உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. யோசனை சொல்ல மட்டும் தெருவே திரண்டு வரும். வீட்டில் இதே வேலை பார்க்கும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் கொழுந்தன் செல்வத்துக்கு மனச்சிதைவு நோய். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கும். நல்ல தையல்காரர். மறுபடி மெஷினில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஹாலோபெரிடால்

குரல் பாதி அடங்கியது, கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கத்துக்கு டாக்டர் தனி மாத்திரை தந்தார். நாக்கு வறண்டதுதான் மிச்சம். ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார் செல்வம்: "குரல் கேட்டப்பவாவது பட்டனுக்குக் காஜா எடுத்தேன் அண்ணி. இப்ப அதுவும் போச்சு."

ஒலான்சபைன்

கை நடுக்கம் நின்றது, வாய் நிற்கவில்லை. எட்டு இட்லியை முடித்துவிட்டு மாவுச் சட்டியை எட்டிப் பார்ப்பார். பகலெல்லாம் தூக்கம். தன் பேன்ட் இடுப்பையே மூன்று தடவை பிரித்துத் தளர்த்திவிட்டார். குரலோ அசையவே இல்லை. பார்க்க வந்த மாமா ஒருவர் அவர் கன்னத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார்: "தம்பி நல்லா தேறிட்டாப்ல. இனி எதுக்கும்மா மாத்திரை? பொண்ணு பாருங்க!"

குளோசபைன்

முந்தைய இரண்டும் சரிப்படாததால் டாக்டர் இதற்கு வந்தார். வெள்ளை அணு குறைகிறதா என்று வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ். தலையணையெல்லாம் எச்சில். ஆனாலும் குரல் அங்கிட்டுத் தள்ளிப் போயிருச்சு என்றார் செல்வம். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை: "இம்புட்டு ரத்தம் எடுத்தா மனுசன் கிறுக்காகாம என்ன செய்வான்?"

காப்புக் கட்டு

மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிய பின் மருந்து ஆகாது என்று என் மாமியார் மாத்திரையை எடுத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மூன்று நாளும் செல்வத்துக்கு வேப்பிலைத் தண்ணீர்தான். திரும்பி வந்தால் ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கிறது, உள்ளே சுவரோடு சண்டை. இத்தனை நாள் விட்டதால் பழைய அளவைத் தரக்கூடாது, கால் மாத்திரையிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். நான் கத்தித் தீர்த்தேன். அத்தை அசரவில்லை: "ஆத்தா பாத்துக்கிருவான்னு நான் விட்டேன். நீ பாத்துக்கிருவேன்னு ஆத்தா விட்டுட்டா போல."

ஜாக்கெட்

மாத்திரை பழைய அளவுக்கு ஏறிச் சில மாதம் கழித்து, போன வாரம் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தந்தார். இடது கை மட்டும் ஒரு விரல்கடை கூடுதல் நீளம். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்: "தப்பு என்னோடதுதான் அண்ணி. வேற யாரும் சொல்லிக் குடுக்கல."

மூன்றில் எது நல்ல மாத்திரை என்று கேட்பவர்களுக்கு என் பதில், யாருக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அது, அதுவும் சாமி அலமாரிக்குப் போகாத வரைக்கும்.