பதினொன்றாம் குழி வீடு

என் வீட்டுக்காரிக்கு வீடு விற்கிற வேலை, எனக்குப் புல் வெட்டுகிற வேலை. மலைச்சரிவில் கோல்ஃப் மைதானமும் அதைச் சுற்றி நூற்றிருபது வீடுகளும் கட்டி வைத்திருக்கிற ஒரே கம்பெனியில்தான் இரண்டு பேருக்கும் சம்பளம். புல்லை வெட்டினால் வெட்டின இடம் கண்ணுக்குத் தெரியும். அவள் வேலை அப்படியில்லை. வாய் வலிக்கப் பேசினாலும், வந்த ஆள் கையெழுத்துப் போடுகிற வரை அவள் ஒன்றுமே செய்யாத மாதிரிதான்.

முதலில் அந்த ஆபீசில் போன் எடுக்கத்தான் சேர்ந்தாள். ஒரு மழைநாளில் பாதையில் மண் சரிந்து, விற்பனையாள் அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டார். முந்தின நாளே வந்து தங்கியிருந்த ஒரு தம்பதிக்கு இவள் வீட்டைக் காட்டப் போய், விற்றே விட்டாள். அதோடு போன் வேறொருத்தி கைக்குப் போனது.

அவளுக்கென்று ஒரு வழக்கம். விற்க வேண்டிய வீட்டுக்கு முதலில் தனியாகப் போவாள். எல்லாக் குழாயையும் திறந்து பார்ப்பாள், ஒவ்வொரு அறையிலும் கால் மணி நேரம் தரையில் உட்காருவாள். எந்த அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், எந்த ஜன்னல் வழியாக நாலு மணிக்கு மூடுபனி உள்ளே வரும், எல்லாம் குறித்துக்கொள்வாள். வருகிறவர்களிடம் அந்தக் குறையைத்தான் முதலில் சொல்வாள். நல்லதை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாங்கினவர்கள் ஒருத்தர்கூட அவளோடு சண்டைக்கு வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மைதானத்தில் பந்தை அடித்து விழவைக்கிற பதினெட்டுக் குழிகளில் பதினொன்றாம் குழிக்குப் பக்கத்து வீடு மட்டும் இரண்டு வருஷமாக விலை போகவில்லை. அந்தக் குழியை நோக்கி மேட்டில் நின்று அடிக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பந்து வலது பக்கம் வளைந்துவிடும். வலது பக்கத்தில் இந்த வீடு. தோட்டத்தில் விழும், ஓட்டில் விழும், இரண்டு தடவை ஜன்னல் கண்ணாடியும் போயிற்று. பார்க்க வந்த மூன்று குடும்பங்களிடமும் இவள் இதை ஒப்பிக்க, மூன்றும் வந்த வழியே போய்விட்டன. மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மாதத்துக்குள் அந்த வீடு போகாவிட்டால் திரும்பப் போன் எடுக்கப் போய்விடு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அன்று அவள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மறுநாள் ஒருவர் தன் அப்பாவுக்காக வீடு பார்க்க வருவதாக இருந்தது. இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொள், கேட்டால் மட்டும் சொல் என்று கெஞ்சினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்குக் கண்ணாடி உடைஞ்சா அவர் யார் முகத்தை நினைப்பாரு? உன் முகத்தையா?"

மறுநாள் அந்த வீட்டு வேலியோரம் புல் வெட்டுகிற வண்டியை நிறுத்தி, பிளேடைத் துடைக்கிற சாக்கில் நின்றேன். வந்தவர் தன் அப்பாவையும் கூட்டி வந்திருந்தார். அந்த அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையை விற்றுவிட்டு மகனோடு இருந்தார். அவர் மூச்சுக்கு மலைக்காற்று நல்லது என்று மகனே இங்கே வீடு தேடினார். பெரியவர் எந்த அறையையும் சரியாகப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். பாதிப் பேர் விடுமுறைக்குத்தான் வருவார்கள் என்று இவள் அதையும் போட்டு உடைத்தாள். அப்புறம் பந்து விஷயத்துக்கு வந்தாள். சரி, போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். மகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு வீடு காட்டச் சொன்னார்.

பெரியவர் நகரவில்லை.

"தோட்டத்துல விழுந்த பந்தை என்னம்மா பண்ணுவாங்க?"

"வந்து எடுத்துக்குவாங்க ஐயா. ஆனா மணி அடிச்சு, வீட்டுல இருக்கிறவங்களைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும். அது இங்க விதி. தொந்தரவுதான்."

ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். அதையும் எண்ணி வைத்திருந்தாள் மகராசி. சாதாரண நாளில் நாலைந்து பேர், ஞாயிற்றுக்கிழமை பதினைந்துகூட ஆகும் என்றாள்.

பெரியவர் மகன் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷம் கடையில நின்னேன்பா. நாள் முழுக்க யாராவது வந்து என்கிட்ட ஏதாவது கேட்டுட்டே இருப்பாங்க. உன் வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. இந்த வீட்டையே வாங்கு."

மகன் அப்பாவின் தோளில் கையை வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டார்.