ஜெர்மனில் தோற்கப் போனது

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை ஏழு ஐம்பது. விடாத மழை. மாட்டுங்காவில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர்களின் ஈர முழங்கால்களுக்கிடையே நசுங்கிப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தேன். ஜெர்மன் தொடக்க நிலை, தீவிர வகுப்பு. ஆறு வாரம், தினம் நான்கு மணி நேரம். எனக்கு எழுபத்து மூன்று வயது. கற்றுக்கொள்ளப் போகவில்லை. தோற்கப் போனேன்.

என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சட்டம் வந்ததிலிருந்து வாராவாரம் நச்சரிப்பு.

"தனியா கெடந்து ஏன் அவஸ்தைப்படறேள்? வீட்ட வித்துட்டு இங்க வந்துடுங்கோ."

"எனக்கு அந்தப் பாஷை வராதுடா."

"ஒரு கோர்ஸ் பண்ணிப் பாருங்கோ. ஃபெயிலானா அப்பறம் நான் வாயே திறக்கல."

அந்த வாக்கை விடாமல் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தோரு வருடமாக இருக்கும் வீட்டைக் காப்பாற்ற ஒரு ஃபெயில் மார்க் போதும் என்றால் மலிவுதான்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர், பதினைந்து பேர் நர்ஸுகள். முதல் நாளே என் குடையை எவரோ எடுத்துப் போனார்கள். மராத்தி டீச்சர் எங்களை வட்டமாக நிற்க வைத்து, பந்தை வீசிப் பெயர் கேட்டார். இந்த வயதில் பந்து பிடித்தேன். போதாததற்கு அந்தப் பாஷை அழைக்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ரயில் ஜன்னலில் போகும் கம்பங்களை மனசு ஜெர்மனில் எண்ணியது. எரிச்சலாக இருந்தது.

எனக்கு ஜோடியாகப் போட்ட நர்ஸ் பெண்ணுக்கு வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப் குடிசைப் பகுதியில். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். நைட் டியூட்டி முடித்து நேராக வந்து பெஞ்சில் தூங்குவாள். இந்த நிலையில் தேறினால்தான் மேல் வகுப்புக்கு, நர்ஸுகளை ஜெர்மனிக்கு அனுப்பும் ஏஜென்சி பணம் கட்டும். இல்லையென்றால் பெயரை அடித்துவிடும். நான் வகுப்புப் படிகளை ஜெர்மனில் முணுமுணுத்து எண்ணுவதையும், டெஸ்டில் பாதியை விட்டுவிடுவதையும் பார்த்து முறைப்பாள்.

"அங்கிள், ஒங்களுக்கு டைம்பாஸ். எனக்கு அப்படியில்ல."



பாஸ் மார்க் ஐம்பது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு இருபத்தெட்டு வரும்படி எழுதினேன். வெறும் தாளைக் கொடுத்தால் மகனுக்குச் சந்தேகம் வரும். பேச்சுத் தேர்வுக்கு முப்பது. அதில் வாயை மூடியிருந்தால் தீர்ந்தது.

அதை ஜோடியாகச் செய்யவேண்டும். ஒருவர் அட்டை எடுத்துக் கேட்க, மற்றவர் பதில் சொல்லித் திருப்பிக் கேட்க வேண்டும். முதல் இரண்டு அட்டைகளுக்கு நான் ஊமை. டீச்சர் பேனாவை மூடப் போனார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே தமிழில் என்னிடம் சொன்னாள்:

"நீங்க வாய மூடுனா எனக்கும் முட்டதான் அங்கிள்."

மூன்றாவது அட்டை, வீடு. அவள் நிதானமாக ஜெர்மனில் கேட்டாள். உங்கள் வீட்டில் எத்தனை அறை?

எத்தனை என்று கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. இரண்டு என்றேன். எத்தனை ஜன்னல்? ஐந்து. எத்தனை படி? நாற்பத்து நான்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று நானே கேட்டுவிட்டேன். ஓர் அறை, ஏழு பேர், ஜன்னல் இல்லை என்று அவள் மடமடவென்று சொன்னாள். டீச்சர் தலையாட்டித் தலையாட்டி எழுதினார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எல்லாம் தெரியும்னு எனக்கு மொத வாரமே தெரியும். எண்ணாம இருக்க மாட்டீயன்னுதான் அதக் கேட்டேன்."

"மகன் ஜெர்மனிக்குக் கூப்பிடறான், எனக்கு அங்க போக இஷ்டமில்லம்மா. அதான் பேசலை."

"போமாட்டேன்னு மவன்ட்ட சொல்லுங்க. அதுக்குத் துப்பில்லாம எம் பொழப்புல ஏன் கை வைக்கீய?"

ஒற்றை ஆளுக்கு இடமிருந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

பேச்சுக்கு இருபத்து மூன்று போட்டிருந்தார்கள். மொத்தம் ஐம்பத்தொன்று.

"பாத்தேளா, ஒங்களால முடியும்னு சொன்னேனே" என்றான் மகன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது காதில் இருந்தும் வாய் வரவில்லை. வீடு பார்க்க இரண்டு பார்ட்டிகள் வந்து, குளியலறை சின்னது என்று குறை சொல்லிப் போயிருக்கிறார்கள். டிக்கெட்டை என் காசில்தான் எடுத்தேன்; அவன் செலவில் போனதாகப் பேச்சு வரக்கூடாது.

வகுப்புக்கு 16,500. புத்தகம் 1,240. ரயிலும் ஆட்டோவும் முப்பது நாளைக்கு 1,500. போன குடைக்கு வாங்கிய புதுக் குடை 450. ஒருவழி டிக்கெட் 43,865. வீட்டைச் சேர்க்காமல், 63,555 ரூபாய்.