இடது கை நந்தகுமாரின் சிவப்புக் கிட்டார்

கே.ஜி.எஃப். மைசூர் மைன்ஸில் நந்தகுமார் என்று விசாரித்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பீச்சாங்கை நந்து என்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். வயது ஐம்பத்தொன்பது. போன மாதம் வரை ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, விளக்கு வைத்த பிறகு வந்து இறங்கியவர். அவர் சாப்பிடுவது வலது கை, எழுதுவது வலது கை, பல் தேய்ப்பதும் வலது கைதான். பிறகு எதற்கு அந்தப் பெயர் என்று யாராவது புதிதாகக் கேட்டால், அவர் மனைவி லீலா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரைக் காட்டுவாள்.

"கிட்டாருக்கு மட்டும் அவருக்கு இடது கைங்க."

சுவரில் ஒரு போட்டோ. கோரமண்டல் மைதானத்தில், புத்த பூர்ணிமா மேடையில் எடுத்தது. இருபத்தாறு வயது நந்தகுமார் காலை அகட்டி நிற்கிறார். மார்பின் குறுக்கே ரத்தச் சிவப்பில் ஒரு கிட்டார். ஊரில் பார்க்கிற கிட்டாரைப் போல இடுப்பு வளைந்தது இல்லை. நாலு பக்கமும் கோணல் கோணலாக வெட்டி, ஒரு முனை நீண்டு, ஒரு முனை குட்டையாக, யாரோ கோபத்தில் கத்தரித்துப் போட்ட மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் லீலா அவரைக் கட்டிக்கொண்டாள். இதை அவளே எல்லோரிடமும் சொல்வாள், வெட்கப்பட மாட்டாள்.

உள்ளதைச் சொன்னால், அந்தப் படத்தில் இருப்பது கிட்டாரே இல்லை. பிளைவுட் பலகை.

அந்தக் காலத்தில் ரோனி என்று ஒருவன் ஆர்க்கெஸ்ட்ரா நடத்திவந்தான். நல்ல வாசிப்பு. ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் அவனுக்கு விரல் விறைத்துவிடும். அதனால் டிரம் செட்டுக்குப் பின்னால், திரை ஓரமாக, முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வாசிப்பான். விழாக் கமிட்டிக்காரர்கள் விடுவார்களா? "கிட்டாரு சத்தம் வருது, ஆளக் காணோமே?" என்று ஒவ்வொரு ஊரிலும் முகம் சுளித்தார்கள். ஆர்க்கெஸ்ட்ரா பார்ட்டியிடம் இருந்ததோ ஒரே ஒரு கிட்டார். ஆகவே ரோனி தன் கூட்டாளி நந்தகுமாரைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். கையில் கொடுக்க ஒரு பொம்மைக் கிட்டார் வேண்டும். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து, அதில் இருந்த கோணல் கிட்டார் படத்தைக் கிழித்து நந்தகுமாரின் அப்பாவிடம் கொடுத்தான்.

அப்பா சின்னசாமி சுரங்கத்தில் டிம்பர்மேன். ஷாஃப்டுக்கும் லெவலுக்கும் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை. படத்தைப் பெரிதாக்கி அட்டையில் வெட்டினார். பிளைவுட்டின் நல்ல பக்கத்தில் பென்சில் கோடு விழக்கூடாது என்பது அவர் தொழில் சுத்தம். அதனால் பின்பக்கத்தில் அட்டையை வைத்துக் கோடு போட்டு, பின்பக்கத்திலிருந்தே அறுத்தார். நல்ல பக்கத்தைத் திருப்பி, இழைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, சைக்கிள் பிரேக் கம்பியை ஆறு இழையாகக் கட்டி, பழைய ரேடியோவின் திருகுகளைப் பொருத்திக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் அச்சு அசல். ஆனால் இடம் வலமாக மாறியிருந்தது. பூமிக்கு அடியில் முட்டுக்கொடுக்கிற மரத்துக்கு இடது ஏது, வலது ஏது? மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

ரோனி பார்த்தான், சிரித்தான். "இன்னா மேன், நீ இனிமே லெஃப்டி மேன்!" என்றான். அவ்வளவுதான். ஆறு வருஷம் நந்தகுமார் மேடையில் இடது கைக்காரராக நின்றார். ரோனி பின்னால் வாசிக்க, இவர் முன்னால் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, பிரேக் கம்பியை வருடினார். நன்றாகவே வருடினார். தொண்ணூற்று நாலில் ரோனி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனான். பார்ட்டி கலைந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போனார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் கல்யாணம். புத்தர் சிலைக்கு முன்னால் மாலை மாற்றி, ஊருக்கே பிரியாணி போட்டார்கள். மூன்றாம் நாளே லீலா வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கேட்டாள்.

"கிட்டாரு எங்கங்க?"

நந்தகுமார் விளையாட்டாகத்தான் சொன்னார். "அதான் கல்யாணத்துல துன்னியே. பிரியாணிக்கு வித்துட்டேன்."

அவள் சிரிப்பாள், பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தார். அவள் அழுதாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், ரொம்ப நேரம். அழுகிற புதுப்பெண்ணிடம் அது பலகை என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். அந்த நாளை முப்பது வருஷமாக வரவில்லை.

லீலா நல்ல தையல்காரி. கோரமண்டலிலிருந்துகூட ஜாக்கெட் தைக்க வருவார்கள். உடம்புக்கு ஒரு கோளாறும் இல்லை, பிரியாணி மட்டும் ஒத்துக்கொள்ளாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தயிர்சோறு கேட்டு வாங்கி நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். கேட்டால் வாயு என்பாள். கே.ஜி.எஃப்பில் பிறந்துவிட்டு இப்படி ஒரு வயிறா என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

இதற்கு நடுவே நந்தகுமார் ஒரு காரியம் செய்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் எவனோ விட்டுப்போன ஒரு பழைய கிட்டார் ஸ்டோருக்கு வந்தது. அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்து, சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டார். விரல் நுனி உரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. முதலில் ராகமாகவே வரவில்லை, இரண்டாவது வருஷத்தில் வந்தது. மூன்றாவது வருஷத்தில், அன்றைக்குக் கோரமண்டல் மேடையில் ரோனி பின்னால் வாசிக்க, தான் லீலாவின் முன்னால் வாசிப்பதாக நடித்த ராகத்தை நினைவிலிருந்தே பிடித்துவிட்டார். எல்லாம் வலது கை. வீட்டில் மூச்சு விடவில்லை.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு. வருகிற புத்த பூர்ணிமாவுக்குப் பழைய கலைஞர்களை மேடை ஏற்றப்போகிறோம் என்று கமிட்டியிலிருந்து வந்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் லீலா முந்திக்கொண்டாள்.

"அவர் வருவாருங்க. கிட்டாரு நான் வாங்கித் தரேன்."

தையல் காசில், அதே கோணல் கிட்டார், அதே சிவப்பு. அதைத்தான் இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்தாளாம். நந்தகுமார் சுவரில் இருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெங்களூரு போனார்கள். லீலாவின் பையில் ஒரு நியூஸ்பேப்பர் கட்டிங் இருந்தது. போட்டோவைப் பார்த்து, அவர் தோள் அளவை வைத்துக் கணக்குப் போட்டு, ஜாக்கெட்டுக்கு வெட்டுவது போலவே கிட்டாருக்கும் பேப்பரில் கட்டிங் எடுத்திருந்தாள். கடையில் சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. ஒன்று கோடாலி மாதிரி, ஒன்று நட்சத்திரம் மாதிரி, ஒன்றுக்குத் தலையே இல்லை. மேகனா என்று சட்டையில் பேர் குத்திய பெண் எதை எடுக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். லீலா ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய் ஒரு சிவப்புக் கோணல் கிட்டாருக்கு முன்னால் நின்றாள். பையிலிருந்து பேப்பரை எடுத்து அதன்மேல் வைத்தாள். பொருந்தவில்லை. பேப்பரைத் திருப்பிப் போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"திருப்பிகீதுமா இது. எங்க வூட்டுக்காரருக்கு இடது கை."

"ஓ, லெஃப்டி!" மேகனாவுக்குக் குஷி வந்துவிட்டது. "ஒந்தே ஒந்து இதெ மேடம்!" ஒன்றே ஒன்று இருக்கிறதாம். யாரோ ஆர்டர் கொடுத்து வரவழைத்துவிட்டு வாங்காமல் போனதாம். உள்ளேயிருந்து கொண்டுவந்தாள். பேப்பரைத் திருப்பாமல் வைத்தார்கள். அளவெடுத்தது போல இருந்தது.

"பாத்தீங்களா, ஒங்களுக்குன்னே காத்துக்கினு கீது" என்றாள் லீலா.

நந்தகுமார் அதை மாட்டிக்கொண்டார். கால் தானாக அகன்றது, தோள் தானாகச் சாய்ந்தது, தலை தானாக ஒரு பக்கம் வெட்டியது. எதிர்க் கண்ணாடியில் போட்டோவில் நிற்கிற அதே ஆள், முடி மட்டும் நரைத்து நின்றார். லீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேகனா வயரைச் செருகி, ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டு, "வாசிங்க சார்" என்றாள்.

இடது கை கம்பிமேல் இருந்தது. அசையவில்லை. ஒரு தடவை தட்டிப் பார்த்தார். தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

லீலா உடனே பக்கத்தில் வந்தாள். "முப்பது வருசம் ஆச்சு, கை மறந்திருக்கும். வூட்ல போயி நிதானமா வாசிச்சுக்கலாம். பில்லு போடுமா."

தப்பிக்க வழியை அவளே திறந்து வைத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். இந்தக் கிட்டாரை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டிவிடலாம், கை வரவில்லை என்று மேடைக்கும் டிமிக்கி கொடுத்துவிடலாம், பீச்சாங்கை நந்து பீச்சாங்கை நந்துவாகவே இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தின்னாமல் கொள்ளாமல் கற்ற நாலு வருஷத்தை இந்தக் கைக்கு மாற்ற முடியாது. வாழ்க்கையில் அவர் நிஜமாக வாசித்தது அது ஒன்றுதான். அதை லீலா கேட்கவே போவதில்லை.

"இரும்மா" என்று மேகனாவிடம் சொல்லிவிட்டு, கழற்றிக் கொடுத்தார். சுவரில் இருந்த மற்றதை, வலது கைக் கிட்டாரை, எடுத்து, அதே வயரை அதில் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கோணல் முனையைத் தொடைக்கு இடையில் அணைத்து, ரோனியின் ராகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நடுவில் ஓர் இடத்தில் தடுமாறி, திரும்பப் பிடித்தார். உதட்டைக் கடிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. விரலைப் பார்த்து வாசிக்கவே நேரம் சரியாக இருந்தது.

மேகனா கை தட்டினாள். லீலா தட்டவில்லை. அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க இது?"

நந்தகுமார் சொன்னார். ரோனியின் விரல், அப்பாவின் அட்டை, நல்ல பக்கத்தில் விழக்கூடாத பென்சில் கோடு, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கற்ற நாலு வருஷம், எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னார். அப்பா செய்த தப்பு மட்டும் லீலாவுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது. துணியைத் திருப்பிப் போட மறந்து இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிட்ட ஜாக்கெட்டுகள் அவளுக்கும் உண்டு.

"அப்போ அது இன்னாச்சு?"

"அப்பாதான் முனைய அறுத்துட்டு தண்ணி டிரம்முக்கு மூடியாப் போட்டாரு."

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை குழாயில் வந்த காலம் அது. மாமனார் வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் லீலா தினம் பத்துத் தடவை அந்த மூடியைத் தூக்கி வைத்திருக்கிறாள். அடிப்பக்கம் சிவப்பாக இருந்தது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. முகம் இறுகிவிட்டது.

"பிரியாணி?"

"அது அப்பாவோட பி.எஃப். லோனு. நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் லீலா. நீ அழுதுட்டே. அப்பறம் எப்படிச் சொல்றதுன்னு தெரில."

அவள் பேப்பர் கட்டிங்கை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நாலு பேர் இருக்கிற கடையில் அவள் கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இந்தா இத்தையே பில்லு போடும்மா" என்று வலது கைக் கிட்டாரைக் காட்டினாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள். "பூர்ணிமாக்கு மேடை ஏறுங்க. மைக்க எடுத்து மொதல்ல பலகையப் பத்திச் சொல்லுங்க. அப்பறமா வாசிங்க."

"சரி" என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டி லீலா நடந்துகொண்டே இருந்தாள். நந்தகுமார் கிட்டார் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கோணல் முனை எதிரே வருகிறவர்களையெல்லாம் இடித்தது. ஒரு பிரியாணி ஹோட்டல் வாசலில் நின்றாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் பையைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு மட்டன் பிரியாணி" என்றாள் சர்வரிடம்.

"ஒனக்கு ஒத்துக்காதே லீலா?"

"யாரு சொன்னா? எங்க பிரியாணி வாசம் வந்தாலும் ஒங்க கிட்டாரத் துன்னுட்டேனேன்னுதான் இருக்கும். எறங்காது." அவள் குரல் உடைந்தது. "முப்பது வருசம்ங்க."

எத்தனை கல்யாணம், எத்தனை பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவள் தயிர்சோறு தின்றதைப் பார்த்துக்கொண்டே தான் பிரியாணி தின்றது நந்தகுமாருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிரியாணி வந்தது. லீலா கையால் பிசைந்து, கறியைப் பிய்த்து, தலை நிமிராமல் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எலும்பை உறிஞ்சினாள். தட்டை வழித்து முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"இன்னொரு பிளேட்டு சொல்லுங்க" என்றாள். "ஒங்களுக்கு தயிர்சோறு."